எனக்குப் பனி பிடித்த கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை கேரளத்து இடுக்கி மலையில் எங்கள் சாந்தன்பாறை மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பாடகர் குழுவில் வழக்கம்போல் இரண்டாவது வரிசையில் நான் நின்றிருந்தேன். வெளியே சாரல். வாசலில் ஈரக்குடைகள் சாய்ந்து கிடந்தன. உள்ளே நனைந்த கம்பளியும் ஏலக்காயும் கலந்த வாசனை. எங்கள் ஊரில் யார் சட்டையை முகர்ந்தாலும் ஏலக்காய்தான் மணக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, துவைத்தாலும் போகாது.

மன்றாட்டு நேரம் வந்தது. சொர்ணத்தக்கா மைக்குக்கு முன்னால் வந்து கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பிரித்தார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அவருடையது மூன்றாவது வீடு. என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர்.

"கடுமையான காய்ச்சலால் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நம் பங்கின் மகள் செல்வி விரைவில் எழுந்து நடக்கும்படி, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் உரக்கச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் செல்வி நான்தான் என்பது உறைத்தது.

சொர்ணத்தக்கா சீட்டை மடித்துக்கொண்டு திரும்பும் வழியில் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். "ஒண்ணும் ஆகாதுட்டி. எந்திரிச்சிருவ" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நாலு பெண்கள், ஒரு காப்பி

இந்த வாரம்தான் முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ரெஜினா. அப்பா ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். அம்மாவுக்கு அதே தோட்டத்தில் காயெடுக்கிற வேலை. நான் பிளஸ் டூ முடித்துச் சும்மா இருந்த சமயம், பாடத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண் வேண்டும் என்று மலையாளச் சானல் ஒன்றிலிருந்து மலையேறி வந்தார்கள். நான் கோயிலில் பாடிய வீடியோ யாருடைய போனிலிருந்தோ கிளம்பி அவர்கள் கைக்குப் போயிருந்தது.

சீரியலின் கதை இதுதான். கொச்சியில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். அங்கே நான்கு பெண்கள் வார்டனுக்குத் தெரியாமல் ஒரு பாட்டுக் குழு தொடங்குகிறார்கள். குழுவின் பெயர் 'சுக்குக்காப்பி'. திருச்சூர் மாளவிகாதான் குழுவின் தலைவி. அவளுக்கு இரண்டு பக்கமும் அஞ்சு, அனு என்ற இரட்டையர். ஓரத்தில் நான்.

நடிக்க வந்த நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்தது கூட இல்லை. ஆனால் சீரியல் ஓடத் தொடங்கிய இரண்டே மாதத்தில் சுக்குக்காப்பி நிஜக் குழுவாகிவிட்டது. பள்ளிக்கூடப் பெண்கள் எங்களைப் போல் ஒரு பக்கமாக முடி பின்னிக்கொண்டார்கள். கடைத் திறப்பு, கல்லூரி விழா, பெருநாள் என்று அழைப்பு வந்தது. கதைக்காகச் சேர்த்த குழு கதையைவிட்டு இறங்கி வேன் ஏறி ஊர் ஊராகப் போயிற்று.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நாங்கள் யாரும் பாடவில்லை. கொச்சி ஸ்டுடியோவில் இரண்டு அக்காமார்கள் நான்கு பேருக்கும் சேர்த்துப் பாடி வைத்துவிடுவார்கள். நாங்கள் கேமரா முன்னாலும் மேடையிலும் வாயசைப்போம். பாடத் தெரிந்த பெண் வேண்டும் என்று என்னைத் தேடிக் கூட்டிப்போனவர்கள் என்னைப் பாடவே விடவில்லை. டைரக்டரிடம் கேட்டேன். பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் வாய் ஒழுங்காக அசையும் என்றார்.

என் பாத்திரத்துக்குச் செல்வி என்று பெயர். மலையாளச் சீரியலில் தமிழ்ப் பெண் வந்தால் செல்வி, ஆண் வந்தால் முருகன் அல்லது பாண்டி. நான்காவதாக ஒரு பெயர் அவர்களிடம் கிடையாது. ரெஜினா என்றே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். ரெஜினா என்று வைத்தால் தமிழ்ப் பெண் என்று எப்படித் தெரியும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள்.

ஒரு எழுத்து

கதை எழுதியவர் உண்ணி சார். காலையில் அவர் எழுதுவதை மத்தியானம் படம் பிடிப்பார்கள். அதனால் அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். நல்ல மனிதர். சுக்குக்காப்பியின் புதுப் பாட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சொந்த வரி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, உன் ஊரைப் பற்றித் தமிழில் ஒரு வரி சொல் என்றார்.

"எனக்குப் பனி பிடிக்கும்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. மூன்று மாதமாகக் கொச்சியின் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தேன். எங்கள் லயத்து வாசலில் காலையில் நின்றால் எதிர்வீட்டு ஆடு பனிக்குள்ளிருந்து கத்துவது மட்டும் கேட்கும், ஆடு தெரியாது. அந்த ஆட்டுக்காக நான் ஏங்கிப் போயிருந்தேன்.

உண்ணி சாரின் முகம் இளகிவிட்டது. "கஷ்டம்" என்று சொல்லி, என் தலையை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு, நான் சொன்னதை மலையாள எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். ஊரை விட்டு வந்ததற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டுடியோ அக்காவுக்கு அந்த வரி சரியாக வரவில்லை. மலையாளத்தில் எனக்கு என்பதை எனிக்கு என்பார்கள். தமிழ் வாடை வேண்டும், 'எனக்கு' என்றே பாடுங்கள் என்று உண்ணி சார் கெஞ்சினார். அக்கா எத்தனை தடவை பாடினாலும் அந்த 'னி' போவேனா என்றது. கடைசியில் சலித்துப் போய் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். ஒரே தடவையில் பாடி முடித்தேன்.

சுக்குக்காப்பியின் பாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து என் சொந்தக் குரல் இருந்தது அந்த ஒரு வரியில்தான்.

அதைப் பெரிய ஸ்பீக்கரில் திருப்பிப் போட்டார்கள். கேட்டதும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நம் மூடுபனிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் மஞ்ஞு. மலையாளக் காதுக்கு என் வரி, 'எனக்குக் காய்ச்சல் வரப்போகிறது' என்று கேட்கும். அதை நான் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி குரலை ஏற்றி, ரொம்ப சந்தோஷமாகப் பாடியிருந்தேன்.

இடுக்கியில் பிறந்தவள், இரண்டு பாஷையும் தெரிந்தவள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரியை மாற்றுவார்கள், மாற்றினால் வேறு யாராவது பாடுவார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். தெரிந்தேதான் மூடிக்கொண்டேன் என்பதை இத்தனை வருஷம் கழித்து இந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

சித்தி மலையேறிய கதை

இரண்டு பாஷைக்கு நடுவே கால் இடறி விழுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிது அல்ல. என் சித்தப்பா சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குடியிருப்பில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்த சித்திக்கு மலையாளம் ஒரு சொல் தெரியாது. மலை மேலே அணை இருக்கிறது என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வந்த நாலாம் நாள் காலை, பக்கத்து வீட்டுச் சேச்சி ஓடிவந்து, "வெள்ளம் வந்நு, வெள்ளம் வந்நு" என்று கதவைத் தட்டியிருக்கிறார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு வா என்று அன்பாகக் கூப்பிட்டார். சித்தி அணை உடைந்துவிட்டது என்று நினைத்து, தாலியையும் ரேஷன் கார்டையும் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தவர், தேயிலைக்காட்டின் உச்சிக்குப் போய்த்தான் நின்றார். சித்தப்பா லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கம்பத்தின் மேலிருந்தே பார்த்தாராம், தூரத்தில் தன் பெண்டாட்டி மாதிரி ஒரு ஆள் மலை ஏறுகிறதே என்று.

சித்தி அன்று சாயங்காலமே இறங்கி வந்துவிட்டார். எனக்கு இறங்க ஆறு மாதம் ஆயிற்று.

படுக்கையே வேலை

பாட்டு வெளியான வாரம் சானலுக்குப் போன் மேல் போன். அந்தக் குழந்தை தனக்குக் காய்ச்சல் வருகிறது என்று அத்தனை தடவை சொல்கிறதே, பக்கத்தில் ஆடுகிற மூன்று பேரும் கவனிக்கக் கூடாதா என்று தாய்மார்கள் திட்டினார்களாம். அடுத்த வாரமே ஒரு கஷாயக் கம்பெனி விளம்பரம் தர வந்தது. உண்ணி சார் அன்று இரவே பேனாவைத் திறந்தார். செல்விக்குக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் வந்ததும் பார்க்கிற கூட்டம் ஏறியது. கூட்டம் ஏறியதும் காய்ச்சல் ஏறியது. காய்ச்சல் மூளைக்கு ஏறி நான் கோமாவுக்குப் போனேன்.

கோமாவை எப்படிப் படம் பிடிப்பார்கள் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ரொம்பச் சுலபம். ஒரே நாளில் பல வாரத்துக்குச் சேர்த்துப் படுத்துவிட வேண்டும். விரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நீல விரிப்பு என்றால் திங்கள், பூப்போட்டது என்றால் செவ்வாய். கொசு கடித்தாலும் அசையக் கூடாது. தலைமாட்டில் கஷாயப் பாட்டில் பெயர் தெரியும்படி நிற்கும். மாளவிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். அவளுக்கு அழுகை வராது, சிரிப்புதான் வரும். என் உள்ளங்கையில் விரலால் எதையாவது கிறுக்குவாள். கோமாவிலிருந்தபடியே சிரிப்பை அடக்குவதுதான் நான் கற்றுக்கொண்ட நடிப்பு.

சேர்த்துப் படுத்து முடித்ததும் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை.

"படுத்துக் கெடக்கது ஒரு வேலையாட்டி?" என்றார். "இதுக்கு இங்கேயே படுத்திருக்கலாம்லா."

லயத்தில் நான் நடமாடினாலும் யாரும் என்னை ஆரோக்கியமானவளாக நடத்தவில்லை. சொர்ணத்தக்கா தினமும் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தார். நான் நல்லாத்தான் இருக்கேன் அக்கா என்று சொன்னால், "அது எனக்குத் தெரியும், இருந்தாலும் குடி" என்பார். நேற்று எபிசோடில் டாக்டர் உதட்டைப் பிதுக்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். என் பேச்சு எடுபடுமா?

கோமாவில் அல்லேலூயா

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் என் பெயர் வந்தது. வந்ததோடு நிற்கவில்லை. பூசை முடிவில் நான் பாடிய அல்லேலூயாவை யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது செவ்வாய்க்கிழமைக்குள் கொச்சிக்குப் போய்விட்டது.

சானல் மேனேஜர் ஷாஜி போனில் கொதித்தார். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, படித்தாயா என்றார். சீரியலில் பாத்திரம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு மாறாகப் பொது இடத்தில் தோன்றக் கூடாது. நினைவில்லாமல் கிடக்கிற பெண் கோயிலில் நின்று பாடினால் சானலின் மானம் என்ன ஆவது? இன்னொரு முறை பாடினால் சுக்குக்காப்பியில் என் இடம் இன்னொரு பெண்ணுக்குப் போகும் என்றும், ஆள் பார்த்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு கோயிலில் கடைசிப் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வேன். எனக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை. நாலாவது பெண்ணாக ஓரத்தில் நின்று அந்த ஒரு வரியை என் குரலில் பாட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வேறு எங்கேயும் பாடாமல் இருக்க வேண்டியிருந்தது. ரசம் குடிக்கும்போது சில நாள் அழுகை வரும். சொர்ணத்தக்கா மிளகு அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

எல்லை தாண்டினால் சுகம்

ஒரு வழியாக உண்ணி சார் எனக்குக் கண்விழிக்க அனுமதி கொடுத்தார். ஆனால் நடக்க ஆறு மாதம் ஆகும் என்று சீரியல் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பாலக்காட்டு எல்லை ஊரான வேலந்தாவளத்தில் ஒரு பாத்திரக்கடைத் திறப்பு விழாவுக்குச் சுக்குக்காப்பியைக் கூப்பிட்டார்கள். நானும் வர வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதமாக இருந்தாராம். ஷாஜி எனக்கு விதிமுறை சொன்னார். சக்கர நாற்காலியில் வரலாம். கையசைக்கலாம். வாயசைக்கக் கூடாது.

"அப்ப என் வரி?" என்று கேட்டேன்.

அதை ஸ்டுடியோ அக்காவை வைத்துப் புதிதாகப் பாடி ஏற்றியாகிவிட்டது, மாளவிகா வாயசைப்பாள் என்றார். அந்தப் பாழாய்ப்போன 'எனிக்கு' கடைசியில் ஜெயித்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் அழுதேன்.

அப்பா துணைக்கு வந்தார். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக பஸ் மாறி மாறிப் போனோம். மறையூர் வரை நான் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அப்பா தோளில் சாய்ந்தே வந்தேன். பஸ்ஸில் இரண்டு பெண்கள் என்னை அடையாளம் கண்டு, அப்பாவிடம் என் உடம்பு பற்றி விசாரித்தார்கள். "பரவால்ல, கஞ்சி குடிக்கா" என்று அப்பா சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எனக்குச் சுத்தமாகக் குணமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சீரியலை யாரும் பார்ப்பதில்லை. உடுமலை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே நாலு பஜ்ஜி தின்றேன். மறுபடி வேலந்தாவளம் செக்போஸ்ட் வந்ததும் கேரளா. அப்பா என்னைப் பார்த்து, "படுத்துக்கோட்டி, எல்லை வந்துட்டு" என்றார்.

சரசக்கா

அன்று சந்தை நாள். மாடும் எருமையும் கன்றுமாகத் தெரு நிறைந்திருந்தது. கடைக்கு எதிரே மேடை போட்டிருந்தார்கள். வெயில் ஏறிய முற்பகல். ஷாஜி என்னை நாற்காலியில் தள்ளிக்கொண்டு மேடையேறினார். கூட்டம் 'அய்யோ பாவம்' என்று முனகியது. நான் கையசைத்தேன்.

பாட்டு தொடங்கியது. மாளவிகாவும் இரட்டையரும் ஆடினார்கள். என் வரி வந்தது. ஸ்பீக்கரில் அந்த அக்கா 'எனிக்கு' என்று இழுத்தார். மாளவிகா வாயசைத்தாள். என் பக்கம் திரும்பாமலே வாயசைத்தாள். நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, அதைய நிறுத்துங்க."

மேடைக்குக் கீழே முன்வரிசையில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் கன்றுக்குட்டியின் கயிறு, மறு கையில் மடித்த குடை. அவர் குரலைக் கேட்டு பாட்டுப் போடுகிறவர் நிஜமாகவே நிறுத்திவிட்டார். அவர்தான் சரசக்கா என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் ஏதோ ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்.

"அந்த வரி இந்தப் புள்ள பாடறதுங்க" என்று என்னைக் கயிற்றோடு கைகாட்டினார். "கொரலு எனக்குத் தெரியாதுங்களா? அதைய எதுக்குங்க வேற ஆரோ பாடறாங்க?"

செல்விக்குக் காய்ச்சல் அல்லவா, பாடக் கூடாது என்று ஷாஜி குனிந்து பணிவாக விளக்கினார். "சேச்சி, செல்விக்கு பனியல்லே. பாடான் பாடில்ல."

"பனிதானுங்க. பனி புடிக்கும்னுதான அது சொல்லுச்சு. தமிழ்ல புடிக்கும்னா ஆசைன்னு அர்த்தமுங்க. மஞ்ஞுங்க, உங்க பாசையில சொன்னா மஞ்ஞு. மஞ்ஞு மேல ஆசைன்னு ஒரு புள்ள சொன்னதுக்கா ஆறு மாசமா ஆசுபத்திரியில படுக்க வெச்சிருக்கீங்க?"

சந்தை முழுக்கச் சிரித்தது. கிழக்குப் பாலக்காட்டில் இரண்டு பாஷையும் தெரியாதவர் யாருமில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பேசிச் சிரித்திருக்கிறார்கள் போல. ஷாஜியின் வாய் திறந்தபடியே இருந்தது. 'மஞ்ஞு, மஞ்ஞு' என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்டது.

"அந்தப் புள்ளையப் பாடச் சொல்லுங்க" என்றார் சரசக்கா. கூட்டமும் பாடு பாடு என்றது.

மேடையில் நிஜமாக வேலை செய்த மைக் ஒன்றுதான், கடைக்காரர் நன்றி சொல்ல வைத்திருந்தது. மாளவிகா அதைப் பிடுங்கிவந்து என் மடியில் வைத்தாள். "நீ பாடிக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ஷாஜி தலையை வேகமாக ஆட்டி வேண்டாம் என்றார். பாடினால் இடம் போகும். பாடாவிட்டால் இடம் இருக்கும், அந்த இடத்தில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டே இருக்கலாம். கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன். அவர் மாடுகளுக்கு நடுவே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடினேன். முதல் முறை உட்கார்ந்தபடியே பாடினேன். இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவதற்குக் குரல் மேலே போக வேண்டும். கோயிலில் நின்றே பாடிப் பழகியவளுக்கு உட்கார்ந்தால் மூச்சு எட்டாது. நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

எங்கள் கோயிலில் நடந்திருந்தால் புதுமை, அதாவது அற்புதம் என்று எழுதி வைத்திருப்பார்கள். கைதட்டலில் கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. சரசக்கா அதைப் பிடிக்காமல் தட்டிக்கொண்டே நின்றார். ஊரில் இருந்த அத்தனை போனும் என் இரண்டு காலையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

இறங்கியதும் சரசக்கா வந்து என் நம்பரை வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் பொள்ளாச்சி தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "அம்புட்டுச் சத்தத்தையும் எங்கட்டி வச்சிருந்த?" என்றார்.

என் சாவு

மறுநாள் உண்ணி சாரே போன் செய்தார். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை.

"மஞ்ஞாயிருந்நோ மோளே?" என்று கேட்டார். நீ சொன்னது மூடுபனியையா, மகளே என்கிறார்.

"ஆமா சார்."

தனக்கும் மஞ்ஞு ரொம்ப இஷ்டம் என்றும், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். நடக்க முடியாத பெண் எழுந்து நின்றதை நாடே பார்த்துவிட்டது, இனி தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னார். என்னைக் கொல்லப் போவதை இத்தனை மரியாதையாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். படுத்திருந்தபோது எடுத்ததிலேயே கொஞ்சம் மீதி இருந்ததால், சாவதற்காக நான் கொச்சிக்குப் போக வேண்டியும் இருக்கவில்லை. பூப்போட்ட விரிப்பில் செத்தேன்.

அன்று எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. லயம் மொத்தமும் வந்திருந்தது. டாக்டர் வெள்ளைத் துணியை என் முகத்துக்கு இழுத்தபோது சொர்ணத்தக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். அம்மா முந்தானையைக் கடித்தபடி விசும்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா, நான் இங்கனதான இருக்கேன்" என்று அவர் தோளைத் தொட்டேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "சும்மா கெடட்டி. அங்க புள்ள செத்துக் கெடக்கு."

எல்லாரும் போன பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தேன். மாளவிகாவும் இரட்டையரும் அடுத்த வாரம் வேறொரு பெண்ணோடு வேனில் போவார்கள். அந்தப் பாட்டிலிருந்து என் வரியை எடுத்தே விட்டார்கள். பதினெட்டு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள், அந்த வயதில் அது உண்மையாகவே அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் காலை போன் வந்தது. தெரியாத நம்பர்.

"கண்ணு, நேத்து டிவியில செத்துப் போயிட்டீங்களே" என்றது குரல். சரசக்கா.

"ஆமாங்க்கா."

"மனசே கேக்கலீங்க. ராத்திரி எங்க ஊட்ல ஆரும் சோறு உங்கல." பெருமூச்சு விட்டார். "அப்ப இனிமே நீங்க சும்மாதான இருப்பீங்க?" என்றார்.

"ஆமாங்க்கா."

"அடுத்த மாசம் எங்க ஊட்ல கண்ணாலமுங்க. பாட்டுக்கு ஆள் தேடிட்டு இருக்கறோம். நீங்க வந்து பாடிக் குடுக்கோணும். ஒரு வரி இல்லீங்க, பூராவும் நீங்களே பாடோணும். மூணு மணி நேரமுங்க. முடியுமுங்களா?"

அழுதுகொண்டே வேக வேகமாகத் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது, அவர் "கண்ணு, இருக்கீங்களா?" என்று மறுபடி கேட்டபோதுதான் உறைத்தது.

"இருக்கேன்க்கா" என்றேன்.